விலக்குதலும் தவிர்த்தலும்

கெடிலம் பாயும் திருமுனைப்பாடி நாட்டில், உளுந்தூர்ப்பேட்டையை அடுத்து அமைந்த திருநாவலூர், சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊராகும். 2019-ஆம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அது இன்று அடங்குகிறது. சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்த குழந்தை தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்ததை, அவ்வழியே வந்த குறுநில மன்னர் நரசிங்க முனையரையர் கண்டார். நட்புரிமையால் பெற்றோரிடம் கேட்டுப் பெற்றுத் தம் மகனாகவே வளர்த்தார். இது பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் தரும் செய்தி. அதனோடு அவர் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறார். அரசன் வீட்டுப் பிள்ளையாக வளர்ந்த காலத்திலும் அக்குழந்தை தன் அந்தணர் மரபின் முறையிலேயே நின்றதாம். முனையரையரின் அடுக்களையில் என்ன வெந்தது என்பது நமக்கு வேண்டாத ஆராய்ச்சி. ஒரே கூரையின்கீழ் இரண்டு ஒழுக்கங்கள் இருந்தன என்பதும், வளர்த்த தந்தை அதனைத் தமக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கொள்ளவில்லை என்பதுமே நாம் கவனிக்கத்தக்கன. அந்தச் சுந்தரர்தாம் பின்னர்த் திருத்தொண்டத்தொகை பாடியபோது, வேட்டையாடிய இறைச்சியை இறைவனுக்குப் படைத்த கண்ணப்பருக்கும், நாகையில் வலைவீசி மீன் பிடித்து வாழ்ந்த அதிபத்தருக்கும் தம்மை அடியவர் என்று சொல்லிக்கொண்டார்.

அண்டை வீட்டாரின் கதை நமக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். நம் வீடுகளில் இன்று எழுகின்ற ஒரு கேள்வி இக்கதையின் மறுபக்கம் என்பதாலேயே இதனைத் தொட்டோம். சுந்தரர் பிறந்த மரபை வளர்ந்த வீட்டில் காத்தார். நம் பிள்ளையோ பிறந்து வளர்ந்த வீட்டிலேயே, அவ்வீட்டின் வழக்கத்திலிருந்து ஓரடி விலகி நிற்கப் பார்க்கிறது.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாளை எண்ணிப் பாருங்கள். குர்பானிக்கென வாங்கி வீட்டில் கட்டியிருந்த ஆட்டுக்கு அகத்திக்கீரை ஊட்டி, அதற்கொரு பெயரும் வைத்து, பள்ளிவிட்டு வந்ததும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்ட பத்து வயதுப் பிள்ளை, தட்டில் விழுந்த கறித்துண்டை ஓரமாக ஒதுக்குகிறது. அல்லது அக்காளும் தம்பியும் தமக்குள் பேசி வைத்துக்கொண்டு, "ஒரு மாதம் கறியும் மீனும் இல்லாமல் இருந்து பார்க்கப் போகிறோம்" என்று சொல்லிவிடுகின்றனர். பாட்டி திகைக்கிறார். சிற்றப்பா சிரிக்கிறார். அத்தா ஒன்றும் பேசாமல் எழுந்து கை கழுவுகிறார். அவர் உள்ளத்தில் என்ன ஓடுகிறது என்பதைத்தான் முதலில் ஆராய வேண்டும்.

தமிழ்நாட்டில் புலால் உண்பது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் 2014-இல் எடுத்த மாதிரிக் கணக்கின்படி இம்மாநிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 97 பேர் புலால் உண்போர். ஆயினும் உண்ணாமைக்கு நம் மொழியில் வழங்கும் பெயரோ ஒரு சமயத்தின் பெயராயிருக்கிறது. "நான் இனிமேல் சைவம்" என்று நம் வீட்டுக் குழந்தை சொன்னால், மூத்தவர் காதில் அது உணவைப் பற்றிய செய்தியாக மட்டும் விழுவதில்லை. இலங்கைத் தமிழர் 'மரக்கறி' என்கின்றனர். அச்சொல்லில் எந்தச் சமயத்தின் வாடையும் இல்லை. நாம் அதனைக் கடன் வாங்கிக்கொண்டாலும் குற்றமில்லை. உண்மையை ஆராய்ந்தால் இந்த நிலத்தில் புலால் மறுத்தலுக்குப் பழைய உரிமையாளர் சமணரே. உளுந்தூர்ப்பேட்டைப் பகுதியிலேயே திருநறுங்கொண்டைக் குன்றில் அப்பாண்டைநாதர் கோயில் இருக்கிறது; தமிழ்ச் சமணர் இன்றும் அங்கு வழிபடுகின்றனர். அவர்களுடைய நீலகேசி, உயிரைக் கொல்லலாகாது என்று கூறிக்கொண்டே ஊனை உண்ட பௌத்தரோடு வழக்காடுகிறது. திருவள்ளுவரோ புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் இல்லறவியலில் வைக்காமல் துறவறவியலில் வைத்தார். மனைவி மக்களோடு வாழ்பவனுக்கு விருந்தோம்பலை முதற்கடன்களுள் ஒன்றாகச் சொன்னவர், இதனைத் துறவிக்கு உரியதாக ஒதுக்கினார் என்பது சிந்திக்கத்தக்கது.

பெயரினால் வரும் கூச்சம் சிறிது. அதற்கும் அப்பால் அச்சம் ஒன்று இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் இரவு, உத்தரப் பிரதேசத்தில் தாத்ரியை அடுத்த பிசாரா கிராமத்தில், வீட்டில் மாட்டிறைச்சி வைத்திருந்தார் என்ற வதந்தியை நம்பிக் கூடிய கும்பல் முஹம்மது அக்லாக் என்பவரை அடித்துக் கொன்றது. அதன்பின் நம் வீட்டு அடுக்களை என்பது அரசியல் பேசும் இடமாகிவிட்டது. கறி உண்பவன் கொடியவன், அவன் கை இரத்தக் கை என்னும் பேச்சு பள்ளிக்கூடத் தாழ்வாரம் வரை வந்துவிட்டது. சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தவுடன் பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொள்வதும், வாடகை வீடு பார்க்கப் போனால் முதற்கேள்வியாக உணவைக் கேட்பதும் நம்மில் பலர் அறிந்தவை. கர்நாடகத்தில் 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை வழங்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் சிலர் எதிர்த்தனர். எனவே தன் பிள்ளை தட்டைத் தள்ளும்போது தந்தைக்கு அக்குழந்தையின் இரக்கம் தெரிவதில்லை. வெளியே தன்னை இகழ்பவனின் குரல் தன் வீட்டுக்குள்ளேயே கேட்பதாகத் தோன்றுகிறது. இந்த வேதனை பொய்யன்று. அதனைப் புரிந்துகொள்ளாமல், "பிள்ளைக்கு விருப்பமில்லையென்றால் விட்டுவிடுங்கள்" என்று எளிதாகச் சொல்லிவிடும் அறிவுரையாளர்களோடு நமக்கு உடன்பாடில்லை.

எனினும் அந்த வேதனைக்கு விலை கொடுக்க வேண்டியது குழந்தையா? இகழ்பவன் சொல்வது வேறு. குழந்தை சொல்வது வேறு. இகழ்பவன் மனிதரில் மேலோர் கீழோர் பார்க்கிறான். குழந்தை ஆட்டின் கண்ணைப் பார்த்தது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், நம் வீட்டில் பிறந்த இரக்கத்தையும் பகைவனுக்கே எழுதிக் கொடுத்தவர்களாவோம்.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். இங்கு எதிர்வாதம் வலிமையானது, அதனை மழுப்பக்கூடாது. அல்லாஹ் ஆகுமாக்கிய நல்லவற்றை நீங்களே விலக்கிக்கொள்ளாதீர்கள், வரம்பு மீறாதீர்கள் என்னும் கட்டளை திருமறையின் ஐந்தாம் அத்தியாயத்தில் (5:87) இருக்கிறது. தோழர் சிலர் கூடி, ஒருவர் திருமணம் செய்யமாட்டேன் என்றும், ஒருவர் இறைச்சி உண்ணமாட்டேன் என்றும், ஒருவர் படுக்கையில் உறங்கமாட்டேன் என்றும் உறுதி கொண்டபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் வாழ்வை எடுத்துக்காட்டி, தம் வழிமுறையைப் புறக்கணிப்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்ததாக முஸ்லிம் நூலில் அறிவிப்பு உண்டு. அறுபத்தாறாம் அத்தியாயத்துக்குப் பெயரே 'தஹ்ரீம்', அதாவது விலக்குதல். பெருமானார் அவர்கள் தம் துணைவியரின் மனநிறைவுக்காக ஆகுமான ஒன்றைத் தமக்குத் தாமே விலக்கிக்கொண்டது குறித்து இறைவன் வினவுவதோடு அது தொடங்குகிறது. அவ்வாறு விலக்கியது தேனை என்பது பெயர் பெற்ற அறிவிப்பு. ஆகவே, இவற்றைக் காட்டி, "ஹலாலை ஹராமாக்க நீ யார்?" என்று பாட்டனார் கேட்பாரானால், அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தத் தோழர்கள் செய்ய எண்ணியது யாது? உண்ணாமையால் இறைவனிடம் உயர்பதவி தேடினர். உலகைத் துறப்பதே பக்தியின் உச்சம் என்று கருதினர். மண வாழ்வும் உறக்கமும் உணவும் அவர்களுக்கு ஒரே தராசில் நின்றன. கண்டனம் அந்தத் தராசுக்கு வந்தது. பத்து வயதுப் பிள்ளை தன்னை வலியாக்கிக்கொள்ள முனைவதில்லை. அதனுடைய சொல்லும் வேறு: "இது கூடாது" என்று அது சொல்லவில்லை, "எனக்கு வேண்டாம்" என்கிறது. விலக்குதல் ஒரு சட்டம். தவிர்த்தல் ஒரு செயல். முன்னதற்கு உரிமை இறைவனுக்கே. பின்னது மனிதன் நாள்தோறும் செய்துகொண்டிருப்பது.

இதற்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அன்னை மைமூனா (ரலி) அவர்கள் இல்லத்தில் பொரித்த உடும்பு கொண்டுவரப்பட்டது. கை நீட்டிய அண்ணலார், அது இன்னதென அறிந்தவுடன் கையை இழுத்துக்கொண்டார்கள். உடனிருந்த காலித் பின் வலீத் (ரலி), "இது விலக்கப்பட்டதா?" என்று கேட்டார். இல்லை, தம் மக்கள் வாழும் மண்ணில் இல்லாதது, தம் மனம் ஒப்பவில்லை என்ற பொருளில் பதில் வந்தது. காலித் அத்தட்டைத் தம் பக்கம் இழுத்து உண்டார், அண்ணலார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் காட்சியை நாம் மெதுவாகப் படிக்க வேண்டும். ஒரே விரிப்பு, ஒருவர் உண்கிறார், ஒருவர் உண்ணவில்லை. உண்ணாதவர் மனித குலத்துக்கே வழிகாட்டி. அவர் விரும்பாததை அவர் முன்னிலையிலேயே தோழர் உண்கிறார். அதனால் அன்பு குறைந்ததா? மரியாதை கெட்டதா? உண்ணாதவர் முகம் சுளித்தாரா? எந்த உணவையும் அண்ணலார் குறை கூறியதில்லை, விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிப்பதையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளைக்குக் கற்றுத்தர வேண்டியதும் இதுவே, பெரியவர் கற்றுக்கொள்ள வேண்டியதும் இதுவே.

ஒரு கவனம் மட்டும் தேவை. குழந்தை ஆத்திரத்தில் "அல்லாஹ் மீது ஆணையாக இனிக் கறி தொடமாட்டேன்" என்று சொல்லப் பழகக்கூடாது. பருவம் அடையாத பிள்ளையின் சத்தியம் அதனைக் கட்டாது என்பதே பெரும்பாலான சட்ட அறிஞர் கருத்தெனினும், பருவமடைந்தவர் சத்தியம் செய்து முறித்தால் பத்து ஏழைகளுக்கு உணவளித்தல் முதலிய பரிகாரம் உண்டு (5:89). "இருந்து பார்க்கிறேன்" என்னும் சொல் போதும். அதில் அடக்கமும் இருக்கிறது, திரும்பி வரும் வழியும் இருக்கிறது.

அப்படியானால் குர்பானி? அது ஹனஃபி மத்ஹபில் வசதியுள்ள பெரியவர்மீது வாஜிபு. ஷாஃபி மத்ஹபில் வலியுறுத்தப்பட்ட சுன்னத்து. பிள்ளைமீது கடமையே இல்லை. கடமை உள்ளவரும் கொடுக்க வேண்டியதே கடமை. தம் பங்கை உண்பது விரும்பத்தக்கது, கட்டாயமன்று. அறுத்தவற்றின் மாமிசமும் இரத்தமும் இறைவனை அடைவதில்லை, உங்கள் இறையச்சமே அடைகிறது என்னும் கருத்து திருமறையிலேயே (22:37) தெளிவாக இருக்கிறது. அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) இருவரும், மக்கள் குர்பானியைக் கட்டாயக் கடமை என்று கருதிவிடக்கூடாதே என்று சில ஆண்டுகள் கொடுக்காமல் இருந்ததாகவும் ஓர் அறிவிப்பு இருக்கிறது. ஆட்டின் பங்கைப் பொட்டலம் கட்டி ஏழை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை இந்தப் பிள்ளையிடமே ஒப்படைக்கலாம். ஆண்டுக்கொருமுறை கறியைக் காணும் வீட்டின் வாசலில் நிற்கும்போது, உண்ணாமை என்பது உண்ண இருப்பவனுக்கு மட்டுமே வாய்க்கும் உரிமை என்பது அதற்குத் தானே விளங்கும்.

அறுக்குமுன் கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்கு வேதனை குறையுங்கள் என்று கட்டளையிட்ட மார்க்கம் நம்முடையது. பூனையைக் கட்டிப் பட்டினி போட்ட பெண் தண்டனைக்குரியவளானதும், தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவர் பாவம் மன்னிக்கப்பட்டதும் நம் மதரஸாப் பிள்ளைகள் அறிந்த கதைகள். குஞ்சுகளை இழந்து சிறகடித்த தாய்ப்பறவையைக் கண்ட அண்ணலார், குஞ்சுகளைத் திருப்பி வைக்கச் சொன்னார்கள். பூமியில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்கிறது திருமறை (6:38). தமிழில் உமறுப் புலவர், சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் என்றே ஒரு படலம் பாடி வைத்தார். வேடன் வலையில் அகப்பட்ட பெண்மான், குட்டிக்குப் பாலூட்டி வருகிறேன் என்று வேண்ட, நபிகள் நாயகம் தம்மையே பிணையாகத் தந்து விடுவிக்கின்றார்கள். மான் குட்டியோடு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறுகிறான். இந்நிகழ்ச்சியின் அறிவிப்பு வலிமை குறித்து ஹதீஸ் கலை வல்லுநரிடையே பேச்சு உண்டு. எனினும் சீறாவை முடிக்க உதவிய அபுல் காசிம் மரைக்காயரின் பரங்கிப்பேட்டை நம் திருநாவலூருக்குக் கிழக்கே நெடுந்தொலைவில் இல்லை. இந்த மண்ணின் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக் கண் கலங்கிய கதை அது. மானுக்காகக் கலங்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஆட்டுக்காகக் கலங்கினால் பிள்ளையை ஏசுவது எந்த நியாயம்?

நம் வரலாற்றில் புலால் தவிர்த்த முஸ்லிம்களே இல்லையா என்று கேட்டால், இருவரைச் சொல்வோம். சிரியாவில் வாழ்ந்த பார்வையற்ற பெருங்கவிஞர் அபுல் அலா அல்மஅர்ரி (973-1057) ஒருவர். பக்தாதிலிருந்து ஊர் திரும்பிய பின், இறைச்சி, மீன், முட்டை, பால், தேன் அனைத்தையும் விட்டுப் பருப்பும் பழமும் உண்டு வாழ்ந்தார். வாழ்வின் கடைசிப் பகுதியில் ஃபாத்திமி அரசின் பிரசாரத் தலைவர் அல்முஅய்யத் அவருக்குக் கடிதம் எழுதி இதற்குக் காரணம் கேட்டார். படைப்பிலேயே ஓருயிர் மற்றோர் உயிரை உண்கிறதே, படைத்தவனைவிட நீர் இரக்கமுள்ளவரா என்பது அவர் வினாவின் சாரம். மஅர்ரி இரக்கத்தைச் சொன்னார். கூடவே, ஆண்டுக்கு இருபத்து சொச்சம் தீனார் வருமானத்தில் பாதி பணியாளுக்குப் போய்விடுகிறது, மீதியில் பருப்புதான் வாங்க முடியும் என்றும் சொன்னார். நல்லுணவுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று மற்றவர் சொல்ல, வேண்டாம் என்றார். இக்கடிதங்களை மார்கோலியத் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1902-இல் வெளியிட்டார். மஅர்ரியின் பிற கருத்துகள் பலவற்றை நம்மால் ஏற்க இயலாது. சமயங்களைப் பற்றி அவர் பாடியவை கசப்பு மிகுந்தவை. ஆயினும் அல்முஅய்யத்தின் கேள்வியைப் பிள்ளைக்கும் ஒருநாள் சொல்லத்தான் வேண்டும். உண்ண அனுமதித்தவன் அளவற்ற அருளாளன். அனுமதியைப் பயன்படுத்தும் தாயும் தந்தையும் அருளற்றவர் அல்லர்.

மற்றவர் நம் மொழி பேசியவர். இலங்கையில் யாழ்ப்பாணத்தில் ஆசிரமம் அமைத்து இந்துக்களும் முஸ்லிம்களும் சூழ வாழ்ந்த பாவா முஹையத்தீன், 1971-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகருக்குச் சென்றார். தமிழிலேயே பேசினார், உடனிருந்தோர் ஆங்கிலமாக்கினர். தாமே அடுப்படியில் நின்று மரக்கறி சமைத்து வந்தவர்களுக்குப் பரிமாறினார். அவர் வழிகாட்டுதலில் 1984-இல் அங்கே பள்ளிவாசல் எழுந்தது. 1986 டிசம்பர் 8-இல் அவர் மறைந்தார். உயிர்க்கொலையைத் தவிர்ப்பதைச் சீடர்களுக்குக் கற்பித்தவர், ஐவேளைத் தொழுகைக்கும் அவர்களை அழைத்துச் சென்றார் என்பது குறிப்பிடத்தக்கது. பருப்புச் சோறு உண்டவர் ஈமான் குன்றிப் போகவில்லை. உமர் (ரலி) அவர்களே, மதுவுக்குள்ள பிடிப்பு இறைச்சிக்கும் உண்டு, எச்சரிக்கையாயிருங்கள் என்ற கருத்தில் சொன்னதாக இமாம் மாலிக் தம் முவத்தாவில் பதிந்துள்ளார். நாள்தோறும் கறி என்பது நம் பாட்டன்மார் அறியாத வழக்கம். வெள்ளிக்கிழமைக்கும் விருந்துக்கும் பெருநாளுக்கும் என்றிருந்தது, பிராய்லர் கோழி வந்த பின்னரே அன்றாடம் ஆயிற்று. மரபைக் காக்கிறோம் என்று சொல்பவர் எந்த மரபைக் காக்கின்றனர் என்பதையும் சற்று எண்ண வேண்டும்.

பிள்ளையின் முடிவைத் தடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் காந்தியடிகளின் இளமை ஒரு பாடம். அது தலைகீழான பாடம். புலால் தீண்டாத வைணவக் குடும்பத்தில் பிறந்த அவர், பள்ளிப் பருவத்தில் நண்பர் ஒருவரின் தூண்டுதலால் ஒளிந்திருந்து ஆட்டிறைச்சி தின்று பார்த்தார். இறைச்சி தின்பதால்தான் வெள்ளையர் வலியராயிருக்கின்றனர் என்னும் பேச்சு அன்று பரவியிருந்தது. முதல்நாள் இரவு, வயிற்றுக்குள் ஆடு கத்துவதுபோல் இருந்ததாம். சில முறை தின்றபின் நிறுத்தினார். நிறுத்தியதற்கு அவர் சொல்லும் காரணம் ஆடு அன்று. வெளியில் தின்றுவிட்டு வந்து, பசியில்லை என்று தாயிடம் பொய் சொல்ல நேர்ந்ததே. இலண்டனில் ஹென்ரி சால்ட்டின் நூலைப் படித்த பிறகுதான் புலால் உண்ணாமை அவருக்குத் தம் சொந்தக் கொள்கையாயிற்று. அதுவரை அது தாய்க்குக் கொடுத்த வாக்கு. நம் வீட்டுக்கும் இது பொருந்தும். அடித்து ஊட்டிய கறியைப் பிள்ளை கன்னத்தில் அடக்கி வைத்துக் கொல்லையில் துப்பும். துப்பிவிட்டு உண்டேன் என்று சொல்லும். ஒரு துண்டு இறைச்சியை வயிற்றுக்குள் செலுத்துவதற்காக ஒரு பொய்யை வாய்க்குள் வைக்கிறோம்.

பிள்ளைக்கு மனச்சாட்சி உரிமை உண்டு என்பதை 1989-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கை கூறுகிறது. இந்தியா 1992-இல் அதனை ஏற்றது. அதே விதி, பெற்றோர் வழிகாட்டும் உரிமையையும் ஏற்கிறது. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உடன்படிக்கையைப் படிக்காமலே இது நடக்கிறது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989-இல் முட்டை சேர்ந்தது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தரப்படுகிறது. ஆயா கரண்டியோடு வரிசையில் வருகிறார். முட்டையா பழமா என்பதைப் பிள்ளை சொல்கிறது. ஒருவரை ஒருவர் முறைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து உண்கின்றனர். சத்துணவுக் கூடத்தில் முடிவது நம் கூடத்தில் முடியாதா?

முடியும், ஆனால் வீட்டில் ஆயா இல்லை, அம்மா இருக்கிறார். இங்கேதான் கொள்கை பேசுவோர் பெரும்பாலும் சறுக்குகின்றனர். பிள்ளையின் இரக்கத்துக்கும் அத்தாவின் பெருந்தன்மைக்கும் நடுவில் இன்னோர் அடுப்பை மூட்ட வேண்டியவர் யார்? நோன்பு மாதத்தில் மூன்று மணிக்கு எழுந்து சஹருக்குச் சமைப்பவரிடம், "எனக்குத் தனியாகப் பொரியல்" என்று கேட்பது ஆட்டின்மீது இரக்கமும் அம்மாவின்மீது இரக்கமின்மையும் ஆகும். ஆகவே, தவிர்க்க விரும்பும் பிள்ளை, ஆணாயினும் பெண்ணாயினும், பருப்பு வேகவைக்கவும் கீரை ஆயவும் கற்றுக்கொள்ளட்டும். நாம் போடும் நிபந்தனை இதுவொன்றே. நோன்புக் கஞ்சியில் கொத்துக்கறி போடுமுன் ஒரு கிண்ணம் எடுத்து வைப்பதும், தால்ச்சாவில் எலும்பு சேர்க்குமுன் கத்தரிக்காயும் மாங்காயுமாக ஒரு கரண்டி ஒதுக்குவதும் தனிச் சமையல் அல்ல.

தையற்காரர் ஒருவர் அண்ணலாரை விருந்துக்கு அழைத்தார். சுரைக்காயும் உலர்ந்த இறைச்சியும் கலந்த குழம்பு வந்தது. அண்ணலார் பாத்திரத்தின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி எடுத்து உண்டதைச் சிறுவரான அனஸ் (ரலி) பார்த்துக்கொண்டிருந்தார். அன்றுமுதல் தமக்கும் சுரைக்காய் பிடித்துப்போயிற்று என்கிறார். ஒரே பாத்திரத்திலிருந்து அவரவர்க்கு உகந்ததை எடுப்பது குற்றமன்று என்பதற்கு இதைவிட இனிய சான்று நமக்குத் தெரியாது. மூன்று பிறை கண்டும் தம் இல்லங்களில் அடுப்பு எரியாமல் பேரீச்சையும் தண்ணீருமாய்க் கழிந்த காலத்தை அன்னை ஆயிஷா (ரலி) நினைவுகூர்ந்ததையும் மறக்கலாகாது.

உடல்நலம் பற்றிய கவலை நியாயமானது. பி12 என்னும் உயிர்ச்சத்து விலங்குவழி உணவிலேயே இயல்பாக உண்டு. பால், தயிர், முட்டை உண்ணும் பிள்ளைக்குப் பெரிதும் அச்சமில்லை. அவற்றையும் விடுவதாயின் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். வளரும் பெண் பிள்ளைக்கு இரும்புச்சத்து முக்கியம். முருங்கைக்கீரையோடும் பருப்போடும் எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்ந்தால் அது உடலில் நன்கு சேரும். உணவோடு தேநீர் குடிப்பது அதனைக் கெடுக்கும். ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூற்றுக்கு 97 பேர் புலால் உண்ணும் இம்மாநிலத்தில், 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச்சோகை உடையவர்கள். ஆண்கள் உண்டு எழுந்தபின் சட்டியில் எஞ்சிய ஆணத்தில் சோற்றைப் பிசையும் தாயின் தட்டில் எத்தனை துண்டு விழுகிறது என்று, பிள்ளையின் தட்டைப் பற்றிக் கவலைப்படும் ஆண்கள் ஒருநாள் எண்ணிப் பார்த்ததுண்டா?

கடைசியாக விருந்து வீடுகள். நிக்காஹ் வீட்டில் பிரியாணி. வேறு சோறு இல்லை. பிள்ளை என்ன செய்யும்? கத்தரிக்காய்ப் பச்சடியும் தயிர்ப் பச்சடியும் இருக்கும். துண்டை ஒதுக்கிவிட்டுச் சோற்றை உண்ணலாம் என்று மனம் ஒப்பினால் உண்ணட்டும், ஒப்பாவிட்டால் வீட்டில் உண்டுவிட்டு வரட்டும். எதைச் செய்தாலும் பந்தியில் அமர்ந்து உரை நிகழ்த்தாமல் இருப்பது நலம். பக்கத்தில் உண்பவர் தட்டைப் பார்த்து முகம் சுளிக்கும் பிள்ளை, உணவால் மனிதரை அளப்பவரின் பள்ளியில் சேர்ந்துவிட்டது. அதனை மட்டும் கண்டிக்க வேண்டும், கடுமையாகவே கண்டிக்க வேண்டும். அதுபோல, "என்னடா, ஐயர் வீட்டுக்கு மருமகனாகப் போகிறாயா?" என்று நான்கு பேர் நடுவில் கேட்கும் உறவினரையும் கண்டிக்க வேண்டும். அவர் வயதில் மூத்தவர் என்பதால் பெரும்பாலும் நாம் வாய் மூடிக்கொள்கிறோம்.

பெரும்பாலான பிள்ளைகள் ஒரு மாதத்திலோ ஆறு மாதத்திலோ திரும்பிவிடுவார்கள். தெருமுனையில் சீக்கு சுடும் வாசனை வரும், நண்பன் அழைப்பான், ஒரு பெருநாளன்று பாட்டி சமைத்த கறியைக் கண்டு நாக்கு ஊறும். சிலர் திரும்பமாட்டார்கள். எவ்வாறாயினும், திரும்பும் நாள் வந்தால் அன்று சிற்றப்பா சிரிக்காமல் இருக்க வேண்டும், அத்தா வென்றவர்போல் பார்க்காமல் இருக்க வேண்டும், அம்மா கேள்வி ஒன்றும் கேட்காமல் ஒரு கரண்டி ஆணத்தை ஊற்றிவிட்டு அடுத்த தட்டுக்குப் போக வேண்டும்.